‘சும்மா’ என்ற சொல்லைக் கடற்கரைப் பலகையில் ஏற்றியவர்

பெர்னதெத் ஆம்ப்ரோஸ் (1957–2025) பெங்களூர் சிவாஜிநகரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். பெங்களூருக்குக் கடல் கிடையாது. இருந்தும் அவர் தம் வாழ்நாளில் செய்த செயல்களுள் சிறந்தது ஒரு கடற்கரையில்தான் நிகழ்ந்தது. அதை முறையாக எழுதி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர் பொம்மசந்திராவில் தண்ணீர்ப் பம்புகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றார். இயந்திரங்களின் அருகே மாட்டப்படும் எச்சரிக்கைப் பலகைகளுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் வாசகம் அமைப்பது அவருடைய பொறுப்பு. கையுறை இல்லாமல் இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று அவர் எழுதினால், தொழிலாளர்கள் கையுறை அணிந்தனர். எழுத்தின் ஆற்றலே அது என்று அவர் நெடுங்காலம் நம்பியிருந்தார். பலகைக்குப் பின்னால் எப்போதும் ஒரு மேற்பார்வையாளர் நின்றிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது அவருக்குப் பிற்காலத்தில்தான் விளங்கியது.

ஓய்வுக்குப் பின் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. அவருடைய தங்கை குளோரியா ஸ்ரீராம்புரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் குடியிருந்த சந்தில் இருந்தவர்களுள் பாதிப்பேர் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள். மற்றவர்கள் பூ விற்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள். பேரன் பேத்தி எடுத்தும் கடலைக் கண்ணால் காணாதவர்கள் அவர்களுள் பலர். அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கடலுக்கு அழைத்துச் செல்வது என்று சகோதரிகள் இருவரும் முடிவு செய்தனர். சனிக்கிழமை இரவு புறப்பட்டு, ஞாயிறு காலையில் மேற்குக் கரையிலுள்ள மாவினபேலே என்ற சிற்றூரை அடைந்து, அன்று மாலையே திரும்புவது வழக்கம். மழைக்காலம் நீங்கலாக மாதம் இரண்டு பயணம்; விடுமுறை நாள் வந்தால் அன்றும் உண்டு. வேறு கடற்கரைகளில் விடுதிகளும் கட்டணங்களும் வந்துவிட்டிருந்தன. மாவினபேலேயில் ஒரு பஸ்ஸை நிறுத்தி, சவுக்குத் தோப்பின் நிழலில் பாய் விரித்து, கொண்டுபோன புளிசாதத்தை நிம்மதியாக உண்ண முடியும். ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் மாவினபேலேதான்.

அக்கடற்கரையில் ஒரு குறை உண்டு. சவுக்குத் தோப்புக்கு நேர் எதிரே, கரையை ஒட்டியே மணல் சரிந்து பள்ளமாகிவிடும். திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். முழங்காலளவு நீரில் நிற்பவர் அடுத்த நொடி கழுத்தளவு நீரில் இருப்பார். பெங்களூரிலிருந்து தமிழர்கள் மிகுதியாக வருவதால், அங்குள்ள கடற்கரைக் குழுவினர் கன்னடப் பலகைக்குப் பக்கத்தில் தமிழ்ப் பலகை ஒன்றும் வேண்டும் என்று பெர்னதெத்தையே கேட்டுக்கொண்டனர். அவர் மகிழ்ச்சியுடன் இவ்வாறு எழுதிக் கொடுத்தார்: ‘இக்கடற்பகுதியில் நீந்துதல் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.’ அச்சகமொன்றில் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்ற கோவிந்தராஜன் என்ற அண்டை வீட்டார் அதைப் படித்துப் பார்த்து, ஒற்றுப்பிழைகூட இல்லை என்று பாராட்டினார். பலகை தோப்பின் வாயிலில் நடப்பட்டது.

2022 டிசம்பர் மாத முதல் பயணத்தில் கணேசமூர்த்தி என்பவரை அலை இழுத்துச் சென்றது. அவர் மாநகராட்சியின் குப்பை ஆட்டோ ஓட்டுபவர். நல்ல ஆகிருதி உடையவர். கரைக்குக் காவலாக நியமிக்கப்பட்டிருந்த லைஃப்கார்டு ஷெர்வின் மிதவையுடன் பாய்ந்து அவரைக் கரை சேர்த்தார். வாந்தி எடுத்து, மூச்சுச் சீரான பிறகு கணேசமூர்த்தியை பெர்னதெத் பிடித்துக்கொண்டார்.

“என்னாப்பா, அம்மாம் பெரிய போர்டு கண்ணுக்குத் தெரியலையா? படிக்கத் தெரியாதா உனக்கு?”

“படிச்சேன்கா. நீந்தக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. எனக்கு எங்கேக்கா நீச்சல் தெரியும்? அது தெரிஞ்சவங்களுக்குப் போட்டதுன்னு நெனச்சேன். நான் சும்மா கால் நனைக்கத்தானே போனேன்.”

சாக்குச் சொல்கிறான் என்றே பெர்னதெத் அப்போது எண்ணினார்.

கடற்கரைக் குழுவின் தலைவி லட்சுமம்மா கடுமையாகப் பேசுபவர் அல்லர். ஆனால் பேசினால் மாற்றமாட்டார். அவர் பெர்னதெத்தைத் தனியே அழைத்து, மாவினபேலேயின் பெயர் கெட்டுக்கொண்டு வருவதாகக் கன்னடத்தில் கூறினார். இந்தப் பருவம் முடிவதற்குள் பெங்களூர்ப் பஸ்ஸில் வந்த இன்னொருவரை அந்த இடத்திலிருந்து இழுத்து வர நேர்ந்தால், அதன் பிறகு உங்கள் பஸ்கள் நெடுஞ்சாலையிலிருந்தே திரும்ப வேண்டியதுதான் என்றார். தம்முடைய தவறு என்ன என்பது பெர்னதெத்துக்கு அப்போது தெரியவில்லை.

முதலில் அவர் தொழிற்சாலைப் பழக்கப்படியே செயல்பட்டார். பலகையைப் பெரிதாக்கி, எழுத்துகளைச் சிவப்பாக்கி, மண்டையோடும் வரையச் செய்தார். இளைஞர்கள் மண்டையோட்டின் தோளில் கை போடுவது போல் நின்று படம் எடுத்துக்கொண்டனர். விசில் ஊதினார், பிள்ளைகள் அதை ஏதோ விளையாட்டின் தொடக்கம் என்று கருதி, ஊதும்போதெல்லாம் நீரை நோக்கி ஓடினர். எல்லாவற்றிற்கும் மேலாக, தம் தங்கையே பலகையின் மீது ஈரப் புடைவையை விரித்து எச்சரிக்கை முழுவதையும் மறைத்திருப்பதை ஒரு முறை கண்டார்.

“ஏய் குளோரியா, அது என்னா துணிக்கொடியா?”

“இங்கதான்கா காத்து நல்லா அடிக்குது” என்றார் குளோரியா.

தொழிலாளி வேறு, விடுமுறைக்கு வந்தவர் வேறு என்பதை அன்றுதான் பெர்னதெத் ஏற்றுக்கொண்டார். வாரம் முழுவதும் பிறருடைய ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர்கள், ஒரு நாளாவது அதிலிருந்து விடுபடுவதற்காகவே கடலுக்கு வருகிறார்கள். அவர்களிடம் இன்னோர் ஆணையை நீட்டினால் அது கண்ணில் படாமல் போவது இயல்பே.

ஆகவே ஜனவரி மாத முதல் பயணத்தில் அவர் ஒரு புதிய முறையைக் கையாண்டார். விசிலைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மணலில் அமர்ந்து, வருபவர்களைக் கவனித்தார். ஷெர்வினும் அவருடைய தோழர்களும் அன்று கயிறு பிடித்து நின்றதால் விபத்து நேரவில்லை; ஆயினும் எல்லா நாளும் கயிறு பிடிக்க அங்கே ஆளில்லை.

அவர் கண்டது இது. தோப்பை விட்டு வெளியே வந்ததும் கடல் திடீரென்று முழுதாகத் தெரியும். அந்தக் கணத்தில் ஒருவரும் வேறெதையும் பார்ப்பதில்லை. பலகை நின்றதோ சரியாக அந்த இடத்தில். ஆனால் ஈரமணல் தொடங்கும் ஓரத்தில் எல்லாரும் நிற்கிறார்கள். குனிந்து செருப்பைக் கழற்றுகிறார்கள், பேன்ட்டை மடிக்கிறார்கள், புடைவைக் கொசுவத்தைச் செருகுகிறார்கள். அப்போது அவர்களுடைய கண்கள் தரையில் இருக்கின்றன. அவர்களுக்கு அவசரமும் இல்லை.

கண்டதைக் காட்டிலும் கேட்டது முக்கியமானது. குனிந்து நிமிர்ந்த ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ‘சும்மா கால் நனைச்சுட்டு வந்துடலாம்.’ தயங்கி நின்ற மனைவியிடம் கணவர் சொன்னார். தாய் மகளிடம் சொன்னார். நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். சற்று நேரம் கழித்து ‘ஒரே ஒரு அலை’ என்று சேர்த்துக்கொண்டனர். நீந்தப் போகிறேன் என்று காலையிலிருந்து ஒருவர்கூடச் சொல்லவில்லை. கணேசமூர்த்தி சாக்குச் சொல்லவில்லை என்பது பெர்னதெத்துக்கு அப்போது புரிந்தது. பலகை நீந்துபவர்களைத் தடுத்தது. நீந்தத் தெரியாதவர்களோ, தங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உண்மையாகவே நம்பி, அதைக் கடந்து சென்றார்கள். பிழையற்ற அந்த வாக்கியம் அங்கு வராத மனிதர்களுக்காக எழுதப்பட்டிருந்தது.

பெங்களூர் திரும்பியதும் அவர் ஒரு புதிய வாசகத்தை எழுதிக் கோவிந்தராஜனிடம் காட்டினார். முதல் சொல்லிலேயே அவருடைய முகம் மாறியது.

“‘சும்மா’ங்கிறது போர்டுல எழுதற வார்த்தையாம்மா? பார்க்கறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார். சிரிக்கணும்னா முதல்ல படிச்சாகணும் இல்ல?”

கோவிந்தராஜன் வாழ்நாள் முழுவதும் ‘சும்மா’வைக் கண்டால் அடித்துத் திருத்தியவர். ‘வெறுமனே’, ‘வாளா’, ‘பொழுதுபோக்காக’ என்று மாற்றுச் சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். வாளா கால் நனைப்பவர் எவரும் இவ்வுலகில் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அது மட்டுமன்று. பெர்னதெத் ‘அலை இழுக்கும்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘அலை காலை வாரும்’ என்று திருத்தினார். நம்ப வைத்துக் கெடுப்பவனைக் காலை வாரிவிட்டான் என்கிறோம். அக்கடல் செய்வதும் அதுவே. இவ்வாறு உருவான வாசகம்:

‘சும்மா கால் நனைக்க வந்தவர்களுக்கு:
இங்கே வேண்டாம். இங்கே அலை காலை வாரும்.
ஒரே ஒரு அலை என்பதும் வேண்டாம்.
பச்சைக் கொடிக்கு அந்தப் பக்கம் ஆசை தீர நனைக்கலாம்.’

கடைசி வரிக்கு ஏற்பாடு வேண்டியிருந்தது. வடக்கே, பாறைகளுக்கு அப்பால், மணல் மெல்லச் சரியும் பகுதி ஒன்று உண்டு என்று ஷெர்வின் முன்பே கூறியிருந்தார். அங்கே பச்சைக் கொடிகளை நட்டு, தாமே காவல் நிற்பதாக இப்போது ஒப்புக்கொண்டார். வேண்டாம் என்று சொல்வதோடு எங்கே வேண்டும் என்பதையும் சொல்வதில் பெர்னதெத் உறுதியாக இருந்தார். கடலைக் காண வந்தவரைக் கால் நனைக்காமல் திருப்பி அனுப்ப எந்தப் பலகையாலும் இயலாது.

லட்சுமம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வாசகத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். முதல் சொல்லைக் கேட்டதும் குலுங்கிச் சிரித்தார்.

“நம்மல்லூ அஷ்டே. சும்னே காலு நெனெஸ்தீவி அந்தாரெ” என்றார்.

எங்களிடமும் அப்படித்தான், சும்மா கால் நனைக்கிறோம் என்றே சொல்கிறார்கள் என்பது அதன் பொருள். தமிழில் ‘சும்மா’ என்பதைக் கன்னடத்தில் ‘சும்னே’ என்பர். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, அதைச் சொல்லிக்கொண்டு நீரில் இறங்கும் மனிதரும் ஒருவரே. கன்னடப் பலகையிலும் ஈஜு, அதாவது நீச்சல், தடை என்றுதான் அதுவரை இருந்தது. லட்சுமம்மா அன்றே கன்னட வாசகத்தைத் தம் வாயால் சொல்லி எழுதச் செய்தார். ஆனால் தாம் முன்பு விதித்த நிபந்தனையில் மாற்றமில்லை என்பதையும் நினைவூட்டினார்.

இரண்டு பலகைகளும் முழங்கால் உயரத்தில், செருப்புகள் கழற்றப்படும் இடத்தில், பக்கம் பக்கமாக நடப்பட்டன. மண்டையோட்டுக்கு விடை கொடுக்கப்பட்டது.

சோதனை குடியரசு நாள் விடுமுறையில் வந்தது. ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ்கள். மற்ற ஊர்களின் வண்டிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. கடல் அன்று காலை முதலே சீற்றமாக இருந்தது. முதலில் வந்தவர்களுள், தமிழ்நாட்டிலிருந்து வந்து பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் இருந்தனர். ஹரிஷ்குமார் என்பவர், ஒரே ஒரு அலையில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கூறிக்கொண்டே ஷூவைக் கழற்றக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அவருடன் வந்த சௌம்யா எட்டிப் பார்த்தார்.

“டேய் ஹரிஷ், நீ இப்ப சொன்னதை அப்படியே எழுதி வெச்சிருக்காங்கடா.”

கூட்டம் முழுவதும் அவரைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தது. ஹரிஷ்குமார் நாற்காலியில் இருந்த பெர்னதெத்தைப் பார்த்து, “ஆன்ட்டி, இதை எழுதினது யாரு?” என்று கேட்டார்.

“நீங்கதான் தம்பி. நான் பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதிக்கிட்டேன்.”

அவர்கள் சிரித்துக்கொண்டே ஷூக்களைக் கையில் தூக்கிக்கொண்டு பச்சைக் கொடியை நோக்கி நடந்தனர். அவர்களைப் பார்த்து இன்னொரு குடும்பம் நடந்தது.

ஆயினும் அன்னியர்கள் கேட்டது ஒரு பொருட்டன்று. நிபந்தனை தம் பஸ்ஸில் வந்தவர்களைப் பற்றியது. பகலுணவு முடிந்ததும் தோப்பிலிருந்து ஸ்ரீராம்புரத்துக் கூட்டம் மொத்தமாக எழுந்தது. பாட்டும் கைத்தட்டலுமாக, பள்ளமிருந்த பகுதியை நோக்கியே நேராக வந்தது. முன்னால் வந்தவர் கணேசமூர்த்தி. கடல் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. லட்சுமம்மா குழுவின் கொட்டகை வாசலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெர்னதெத்தின் கை தன்னையறியாமல் பைக்குள் இருந்த விசிலைத் தேடியது. எடுத்தால் பலகை தோற்றது என்று பொருள். எடுக்காமலிருந்து ஒருவர் இறங்கிவிட்டால் எல்லாமே தோற்றது என்று பொருள். மூட்டு வலியுள்ள அவரால் ஓடிச்சென்று தடுக்கவும் இயலாது. விசிலை அவர் எடுக்கவில்லை.

கூட்டம் ஈரமணலின் ஓரத்தில் நின்றது. செருப்புகள் கழன்றன. படிக்கத் தெரியாத ஒரு பெண்மணி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, கணேசமூர்த்தி நான்கு வரிகளையும் உரக்கப் படித்தார். ‘ஒரே ஒரு அலை’ என்ற இடம் வந்தபோது சிரிப்பு வெடித்தது. காலை வாரும் என்றால் எப்படி வாரும் என்று ஒருவர் குறும்பாகக் கேட்டார்.

“கேக்கறியா? டிசம்பர்ல எனக்கு வாரிச்சு பாரு, அப்படி வாரும். அலைகூடப் பரவால்ல. தப்பிச்சு வந்தா நம்ம அக்கா வாரும் பாரு, அதுதான் தாங்காது.”

கழற்றிய செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கூட்டம் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபடி வடக்கே திரும்பியது. மாலை வரை பச்சைக் கொடிகளுக்கு இடையே அவர்கள் ஆசை தீரக் கால் நனைத்தனர். கால் மட்டுமல்லாமல் உடையும் தலையும் நனைந்தன. ஷெர்வின் மிதவையைத் தொடவே நேரவில்லை. தோப்புக்கு எதிரே அலைகள் ஆளில்லாமல் வந்து, ஆளில்லாமல் திரும்பின.

பஸ்கள் புறப்படும் வேளையில் லட்சுமம்மா படியருகே வந்து, “முந்தின வருஷ எரடல்லா, மூரு பஸ் தன்னி” என்றார். அண்மையில் வேலூரிலிருந்து வந்து குடியேறிய ஒருவர், முந்தின வருஷம் நாம் மூன்று பஸ்ஸில் வரவில்லையே என்று குழம்பினார். கன்னடத்தில் ‘முந்தின’ என்றால் அடுத்தது; அடுத்த ஆண்டு மூன்று பஸ் கொண்டு வரும்படி அந்தம்மா அழைக்கிறார் என்று குளோரியா விளக்கியதும் பஸ் முழுவதும் ஆரவாரம் எழுந்தது. பெர்னதெத் அதில் கலந்துகொள்ளவில்லை. முன்னிருக்கையில் அமர்ந்து, இருமுறை மூக்கைச் சிந்திவிட்டு, ஓட்டுநரைப் பார்த்து வண்டியை எடுக்கச் சொன்னார்.

பருவம் முடியும்வரை அந்தப் பள்ளத்திலிருந்து எவரையும் இழுத்து வர நேரவில்லை. அடுத்த ஆண்டு மூன்று பஸ்கள் சென்றன. வேறு பயண ஏற்பாட்டாளர்களும் தம் பயணிகளைப் பலகையருகே நிறுத்திப் படிக்க வைத்தனர். பலகையோடு படமெடுத்துக்கொள்வோர் குறையவில்லை, ஆனால் இப்போது எழுத்துகள் படத்தில் தெரியும்படி ஒதுங்கி நின்றார்கள். கோவிந்தராஜன் ஒரு பயணத்தில் தாமும் சென்று, ‘காலை வாரும்’ என்ற வரியின் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். அது யார் திருத்தியது என்று கேட்டவர்களுக்கும், கேட்காதவர்களுக்கும் கூறினார்.

2024 இறுதியில் அனந்தபூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கர்களின் பஸ்களும் மாவினபேலேக்கு வரத் தொடங்கின. அவர்களுக்கு இரண்டு பலகைகளும் புரியவில்லை. பெர்னதெத்துக்குத் தெலுங்கு தெரியாது. சிவாஜிநகரில் காய்கறி விற்கும் ஒரு தெலுங்குப் பெண்மணியிடம் சென்று, உங்கள் ஊரில் வேலையொன்றும் இல்லாமல், காரணமும் இல்லாமல், ஒன்றைச் செய்யும்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். அவர் யோசிக்காமல் ‘ஊரிகே’ என்றார். அந்தச் சொல்லையே முதல் சொல்லாக வைத்து மூன்றாவது பலகை எழுதப்பட்டது. 2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை காலை, ஷெர்வின் குழி தோண்ட, பெர்னதெத் ஆம்ப்ரோஸ் அதன் கம்பத்தை மண் இறுகும்வரை இரு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.